கேள்வி கேட்ட பிறகு ஒரு ஃபாத்திஹா

ஸ்ஃபாக்ஸ்
நவம்பர் 25

அன்புத் தம்பி லஸ்ஸாத்துக்கு அக்கா முன்ஜியாவின் சலாம். நீயும் ஜலீலாவும் உடம்புக்கு எப்படி இருக்கிறீர்கள்? நான் முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். அது மாடிப்படியைக் கண்டால்தான் நொண்டுகிறது, சமதரையில் நல்ல பிள்ளை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன்க்கா" என்கிறாய், நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறேன், இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். அது பேச்சா? முபாரக்தான் ஓயாமல் காபெஸுக்கும் ஸ்ஃபாக்ஸுக்கும் லுவாஜ் வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு அலைகிறானே. ஆட்டுக்குட்டி முதல் கல்யாணச் சீர் வரை அந்த வண்டியில் போகிறது. நம்முடைய ஒரு கவர் போகாதா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் துறைத் தலைவர் தௌஃபீக் என்னைக் கூப்பிட்டார். என்னோடு படித்த மனிதர். இங்கே பல்கலைக்கழகத்தில், பேராசிரியர்கள் நன்றாகப் பாடம் நடத்தக் கைகொடுக்கும் பிரிவை நான் பார்த்துக்கொள்வது அவருக்குத் தெரியும். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறே, தம்பிக்குச் சொல்லக் கூடாதா?" என்று ஆரம்பித்தார். "லஸ்ஸாத் வர்றாரு, போர்டுல எழுதறாரு, போயிடறாரு. பிள்ளைங்க வாயே திறக்கல. அந்த முதலாம் ஆண்டு வகுப்பை வசந்த லீவுக்கு அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துட்டு, அவரைத் தேர்வு ஆபீஸ்ல உக்கார வைக்கலாம்னு பாக்கறேன். அவரு நல்லதுக்குத்தான்." நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் நான் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

உங்கள் பக்கத்திலும் இப்போது அதே மாதிரிப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். அதில் இருக்கும் ரவ்தா என்னிடம் வேலை பழகிய பெண். அவள் உன்னைத் தேடி வரும்வரை காத்திருக்காதே. நீயே உன் வகுப்புக்குக் கூப்பிடு.

இன்னொன்று. உன் பையன் அக்கரைக்குக் கள்ளப் படகேறிப் போய் ஆறு வாரம் ஆகிறது. படகு அங்கேயும் போய்ச் சேரவில்லை, இங்கேயும் திரும்பவில்லை. கடல் ஒதுக்கும் உடல்களை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வருகிறார்கள். பெற்றவர்கள் வந்து டி.என்.ஏ. சோதனைக்கு மாதிரி கொடுக்க வேண்டுமாம். ஒரு நாள் வந்து போயேன். என் வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன்.

ப்ஸீஸா மாவு அனுப்பியிருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே.

அன்புடன் அக்கா,
முன்ஜியா


காபெஸ்
டிசம்பர் 9

மதிப்புக்குரிய அக்காவுக்கு, சலாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாங்கள் சுகம். மாவு வந்து சேர்ந்தது.

இங்கே கீழ்க்காற்று. தொழிற்சாலைப் புகை ஊருக்குள் வருவதால் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருக்கிறோம். பேரீச்சை இந்த வருடம் பரவாயில்லை என்கிறார்கள்.

தௌஃபீக் சொன்னது உண்மை. பாடம் நடக்கிறது, கேட்கிறார்கள், மணி அடித்தால் போகிறார்கள். வேறு எந்த வகுப்பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இந்த வகுப்பை மட்டும் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். பையன்கூடப் படித்தவர்கள் இவர்கள். மூன்றாவது வரிசையில் இன்றைக்கும் ஓர் இடம் விட்டுத்தான் உட்காருகிறார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவர்களாகவே விடுகிறார்கள். ஊரில் வேறு எங்கேயும் அப்படி ஓர் இடம் இல்லை. தேர்வு ஆபீசில் இருக்காது.

தெருவில் ஆட்கள் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. துக்கம் விசாரித்தால் அவனைத் தாங்களே கொன்ற மாதிரி ஆகிவிடும், விசாரிக்காவிட்டால் கல்நெஞ்சு என்று பேர் வரும். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

பல் பிடுங்குமுன் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறேன். வலி இல்லை. கவலைப்படாதே.

ஜலீலா உனக்கு சலாம் சொன்னாள்.

தம்பி,
லஸ்ஸாத்


ஸ்ஃபாக்ஸ்
டிசம்பர் 16

அன்புத் தம்பிக்கு அக்காவின் சலாமும் துவாவும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் இருப்பீர்கள்? ஜலீலா இருமுகிறாள் என்று முபாரக் சொன்னான், தேவலையா?

தௌஃபீக்கிடம் பேசினேன். வசந்த லீவு வரைக்கும் பொறுக்கிறேன் என்றார். அதற்குள் வகுப்பில் ஒரு சத்தமாவது கேட்க வேண்டுமாம். "சண்டை போட்டாக்கூடச் சரி முன்ஜியா, சத்தம் வரணும்" என்றார். ஆகவே உன்னிடம் இருப்பது ஒரு குளிர்காலம்.

ரவ்தாவைக் கூப்பிடப் பயப்படாதே. அவள் கடைசி வரிசையில் உட்காருவாள், பார்ப்பாள், பிறகு பார்த்ததை உன்னிடம் மட்டும் சொல்வாள். தௌஃபீக்குக்குப் போகாது, எனக்கும் வராது. அந்த விதியைப் போட்டதே நான்தான். இப்போது உன்னைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் கேட்க முடியாமல் நானே விழிக்கிறேன். அவரவர் வெட்டிய குழி.

ஒரே ஒரு நிபந்தனை, நாடகம் போடாதே. இங்கே நிலவியல் பஷீர் இருக்கிறாரே, நான் வருகிற நாள் தெரிந்ததும் பிள்ளைகளை முதல் நாளே உட்கார வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறார். நான் போனேன். மனிதர் பாதிக் கேள்விதான் கேட்டார், பத்துப் பன்னிரண்டு கை எழும்பிவிட்டது. ஒருத்தன் எழுந்து, கேட்காத மீதிக் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னான். வெளியே வந்ததும், "பஷீர், நேத்து நடந்த வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, அதுலதான் எதையாவது கத்துக்கிட்டிருப்பாங்க" என்றேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு தானாகவே வந்தார்.

இங்கே வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. இந்த மாத விடுமுறையில் வாருங்கள். மீன் குஸ்குஸ் சமைக்கிறேன். ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

அக்கா,
முன்ஜியா


காபெஸ்
ஜனவரி 10

மதிப்புக்குரிய அக்காவுக்கு, சலாம். நாங்கள் சுகம், உன் சுகம் அறிய ஆவல். ஜலீலாவுக்கு இருமல் நின்றுவிட்டது. பதில் தாமதம். விடுமுறையில் எழுத உட்கார்ந்தேன், எழுத ஒன்றும் இருக்கவில்லை.

ரவ்தா செவ்வாய்க்கிழமை வந்தாள். நான் நாடகம் போடவில்லை. முடிந்ததும் கான்டீனில் காபி வாங்கிக் கொடுத்தாள். நடந்த பேச்சு இது. உன் தொழில் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"சார், நிறைய கேள்வி கேட்டீங்க."

"ஆமா."

"பதில் யார் சொன்னா?"

"நான்தான்."

"ஏன் சார்?"

"அவங்க சொல்லல."

"நீங்க எங்க சார் விட்டீங்க? கேள்வி முடியறதுக்குள்ள பதிலும் வந்துடுச்சே. நடுவுல ஒரு மூச்சுகூட இல்ல. நானே கடைசி பெஞ்சுல ஒரு பதில் வச்சிருந்தேன், சொல்ல முடியாமப் போச்சு."

"அப்படியா."

"கோவமா சார்?"

"இல்லம்மா."

உண்மையாகவே கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. ஏதாவது ஒன்று வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னாள். நான் போர்டிலிருந்து பிள்ளைகள் பக்கம் திரும்பும்போதெல்லாம் எல்லாரும் ஒரேயடியாகத் தலையைக் குனிந்துகொள்கிறார்களாம். தப்பாகச் சொல்லிவிடுவோம் என்கிற பயமாக இருக்கலாம் என்றாள். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது எனக்கு முடியவில்லை. வீட்டில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறோம். போன் அடிக்கும் என்று நிற்கிறோம், வாசலில் யாரோ என்று நிற்கிறோம். வகுப்பிலும் அப்படி நிற்க வேண்டும் என்றால் எப்படி என்று தெரியவில்லை. இதை ரவ்தாவிடம் சொல்லவில்லை.

தம்பி,
லஸ்ஸாத்


ஸ்ஃபாக்ஸ்
ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு சலாம். இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ரவ்தா சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். என் மாணவி என்று மார்தட்டிக்கொண்டேன்.

இந்த நோய் உனக்கு மட்டும் வந்தது இல்லை. பேராசிரியர்களுக்கு மௌனம் என்றால் கடன்காரன் வந்து நின்ற மாதிரி. புத்தகங்களில், இத்தனை நொடி பொறு என்று போட்டிருக்கிறது. நம்மவர்கள் மூன்று எண்ணிவிட்டுப் பத்து எண்ணினேன் என்பார்கள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்த ஊரில் அதற்கு நல்ல பேர். கேள்வியைக் கேள். வாயை மூடு. மனசுக்குள் ஒரு ஃபாத்திஹா ஓது, நிதானமாக, ஆமீன் வரைக்கும். அதற்குள் எவனாவது வாய் திறந்துவிடுவான். எண்ணிக்கையில் ஏமாற்றுகிறவர்கள்கூட ஃபாத்திஹாவைப் பாதியில் விடமாட்டார்கள், பாவம் சேரும் என்கிற பயம். பஷீர் இன்றைக்கும் கேள்வி கேட்டால் உதடு அசைகிறது. பிள்ளைகள், "சார் நமக்காக துவா கேக்கறாரு, யாராவது பதில் சொல்லுங்கடா" என்று சிரிக்கிறார்களாம்.

நாளைக்கே செய்து பார். செய்துவிட்டு எனக்கு எழுது.

ஜலீலாவிடம் சொல், அவளுக்குப் பிடித்த உப்புக் கருவாடு அனுப்பியிருக்கிறேன்.

அக்கா,
முன்ஜியா


காபெஸ்
பிப்ரவரி 7

அக்காவுக்கு சலாம். நலம், நலமறிய ஆவல்.

நீ சொன்னதை இரண்டு வகுப்பில் செய்து பார்த்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டு, அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படி ஓதுவது? இறந்தவர்களுக்காகத்தானே நாம் அதை ஓதுவோம். ஓதி ஆமீன் சொல்லிவிட்டால் முடிந்துவிட்டது என்று ஆகும். நான் முடிக்கவில்லை. பதிலை நானே சொல்லிவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜலீலா மாரெத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள். தைராய்டு மாத்திரையை மறந்துவிட்டாள். இத்துடன் முபாரக்கிடம் கொடுத்திருக்கிறேன். அவளுடைய கம்பளிப் போர்வையும் இருக்கிறது. ஸ்ஃபாக்ஸில் கடற்காற்று அதிகம்.

தம்பி,
லஸ்ஸாத்


ஸ்ஃபாக்ஸ்
பிப்ரவரி 9

என் தம்பிக்கு,

சலாம். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நான் ஒரு மடச்சி. ஊர் முழுக்க, பயிற்சிக்குப் பயிற்சி, நூறு பேருக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிவிட்டேன். எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினேன், அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. பதில் வர மூன்று வாரம் ஆனதும், கருவாடு கெட்டுப்போயிருக்குமோ என்று யோசித்தேனே தவிர, இது எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதுவதை நிறுத்தாதே.

மாத்திரையும் போர்வையும் வந்து சேர்ந்தன. முபாரக் வாயில் எதுவும் நிற்காது என்று தெரிந்தும் அவன் வண்டியிலேயே ஏறி வந்தாளே, அவளைச் சொல்ல வேண்டும். ஆமாம், இங்கேதான் இருக்கிறாள். "அவருகிட்ட சொல்லாதீங்க மதினி. அவரு இன்னும் காத்துக்கிட்டு இருக்காரு, நான் போய் அதைக் கெடுத்தேன்னு ஆகக் கூடாது" என்று சத்தியம் வாங்கினாள். உனக்குத் தெரிந்துவிட்டது என்று போர்வையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அதைப் போர்த்திக்கொண்டு மதியம் முழுக்க ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். மாதிரி கொடுத்தாள். எச்சரிக்கையாகப் பேசுகிற ஒரு டாக்டர். பையன் என்ன உடுத்தியிருந்தான் என்று கேட்டார். அன்றைக்குக் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டை என்றாள். அக்டோபரிலிருந்து வந்தவர்களில் நீலச் சட்டை யாருமில்லை என்றார். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் நிச்சயமாகச் சொல்ல அப்பாவின் மாதிரியும் வேண்டும் என்றார். அவள் உன்னைக் கேட்கமாட்டாள். நான் கேட்கிறேன்.

வகுப்பில் இனி எதுவும் ஓத வேண்டாம். கேள்வி கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடை. கண்ணாடி இல்லாவிட்டால் உனக்கு முதல் வரிசைகூடத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எந்த இடம் காலி என்பதும் தெரியாது. கைக்கும் ஒரு வேலை. நன்றாகத் துடைத்து முடித்த பிறகு போட்டுக்கொள்.

உன் அக்கா


காபெஸ்
மார்ச் 3

மதிப்புக்குரிய அக்காவுக்கு, சலாம். உன் சுகத்துக்கும் ஜலீலாவின் சுகத்துக்கும் துவா. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இன்று காலை நடந்ததை எழுதுகிறேன்.

அமிலமும் காரமும் பாடம். ரவ்தா கடைசி வரிசையில் இருந்தாள். தௌஃபீக் கொடுத்த கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டேன், கரைசல் சிவந்தது. ஏன் சிவந்தது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினேன். எல்லாரும் கலங்கலாகிவிட்டார்கள். துடைத்தேன். ஒரு பக்கம் முடித்து மறு பக்கம் துடைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பதில் என் நாக்கில் வந்து நின்றது, விழுங்கிக்கொண்டேன்.

அப்போது நிதால் பேசினான். குரலை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது.

"சார், எங்களுக்குப் பதில் தெரியும். தெரியாம உக்காந்திருக்கல."

"அப்புறம் ஏன்டா சொல்ல மாட்டேங்கறீங்க?"

"சொன்னா நீங்க அடுத்ததா ஒண்ணு கேப்பீங்க சார்."

"என்ன கேப்பேன்?"

நான் கண்ணாடியைப் போடவில்லை. அதன்பின் ரனீம் என்கிற பெண் பேசினாள், முன்வரிசைப் பக்கமிருந்து.

"அவன் போறது எங்களுக்குத் தெரியும் சார். மொத்த வகுப்புக்கும் தெரியும். படகு கிளம்பற ஜர்ஜிஸுக்கு வண்டி ஏத்திவிட ஸ்டாண்டு வரைக்கும் நாங்க ஆறு பேர் போனோம். எல்லாருமாச் சேர்ந்து காபி குடிச்சோம். உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க தடுத்திருப்பீங்க. நாங்க சொல்லல. நீங்க திரும்பிப் பாக்கறப்பல்லாம் இப்போ கேக்கப் போறீங்கன்னு நினைச்சுக்குவோம். அதான் சார்."

யாரோ அழுதார்கள். யார் என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் கேட்டது இது ஒன்றுதான்:

"என்ன போட்டிருந்தான்?"

"நீல ஸ்வெட்டர் சார்," என்றான் நிதால். "கடல்ல குளிரும்னு அதுக்கு மேல என் அண்ணனோட மழைக்கோட்டைக் குடுத்தேன். பச்சை. ஸ்வெட்டர் நனைஞ்சா கனமாயிடும்னு அங்கேயே கழட்டி என்கிட்ட குடுத்துட்டான். எங்க வீட்டுலதான் இருக்கு. எப்படிக் கொண்டு வந்து குடுக்கறதுன்னு தெரியல சார்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். யாரும் தலையைக் குனியவில்லை. மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. நான்தான் முதலில் வெளியே வந்தேன்.

ரவ்தா பின்னாலேயே வந்தாள். "சார், இன்னிக்கு நான் எதையும் பாக்கல" என்றாள். பிறகு என் பையை வாங்கிக்கொண்டு வாசல் வரை நடந்து வந்தாள்.

ஜலீலாவிடம் நீலச் சட்டையைப் பற்றி நானே சொல்கிறேன். நீ சொல்ல வேண்டாம். இதை முபாரக்கிடம் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை அவன் வண்டியில் நானும் வருவேன்.

தம்பி,
லஸ்ஸாத்


ஸ்ஃபாக்ஸ்
ஏப்ரல் 21

அன்புத் தம்பிக்கும் ஜலீலாவுக்கும் அக்காவின் சலாம். இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? நான் சுகம் என்று எழுதிவிட்டு கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சுகம்தான், வேறென்ன சொல்ல.

நீங்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போனதிலிருந்து வீடு பெரிதாகிவிட்டது. நீங்கள் சோதனை முடிவுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில், நான் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் நீங்கள் அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே நாற்காலிகளை இடம் மாற்றிவிட்டேன்.

பச்சை மழைக்கோட்டு என்று நீ சொன்னதும் அந்த டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினாரே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அவன் போனதைவிட அது தாங்கவில்லை என்று சொன்னால் அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அடக்கத்தன்று உன் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியது முழுக்க உன் வகுப்புப் பையன்கள். நிதாலின் தோளிலிருந்து மாற்றிக்கொள்ள ஒருவன் போனான், அவன் கொடுக்கவில்லை. பெண் பிள்ளைகள் ஜலீலாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எதிர்ப்பக்கம் போன ஊர், அன்றைக்கு வரிசையில் நின்று உன் கையைப் பிடித்தது. தௌஃபீக் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "வகுப்பு அவருதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயிற்சியில் ஃபாத்திஹாவைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். கண்ணாடியைத் துடையுங்கள் என்கிறேன். கண்ணாடி இல்லாதவங்க என்ன பண்றது என்று ஒருத்தி கேட்டாள். கைக்குட்டையை மடியுங்கள் என்றேன். எழுதிக்கொண்டாள்.

நீ வகுப்புக்குத் திரும்பினாயா? போய் நின்றாலே போதும். நன்றாக நடத்த வேண்டும் என்று நான் இப்போது கேட்கவில்லை.

அக்கா,
முன்ஜியா


காபெஸ்
மே 5

மதிப்புக்குரிய அக்காவுக்கு, சலாம். இங்கே இருவரும் நலம். உன் முழங்காலுக்கு ஜலீலா ஏதோ எண்ணெய் காய்ச்சியிருக்கிறாள், கவரோடு வருகிறது. சூடு காட்டித் தடவ வேண்டுமாம்.

போன வாரம் வகுப்புக்குப் போனேன். முதல் இரண்டு நாள் வெறுமனே நடத்தினேன். அழுகை வரவில்லை. கபர்க் குழி அருகிலும் வரவில்லை, உனக்குத் தெரியும். வராமலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் இப்போது இடம் விடுவதில்லை. நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். அதைப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை.

இன்று வாயுக்கள் பாடம். சோடா பாட்டிலைத் திறந்தால் ஏன் நுரை பொங்குகிறது என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். பின்பக்கமிருந்து ஒருவன், "கடைக்காரர் நம்ம மேல இருக்கற கோவத்துல குலுக்கிக் குடுத்திருப்பாரு சார்" என்றான். வகுப்பே சிரித்தது. "கடனைக் கட்டுடா, குலுக்க மாட்டாரு" என்றாள் ரனீம். மறுபடி சிரிப்பு. அழுத்தம் குறைகிறது என்று நிதால் சொல்வதற்குள் தௌஃபீக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், என்ன சத்தம் என்று. பிறகு சாத்திக்கொண்டு போய்விட்டார். நான் கடைக்காரரையே போர்டில் எழுதி, அவர் குலுக்கினால் உள்ளே என்ன ஆகும் என்று அங்கிருந்து பாடத்தை ஆரம்பித்தேன். மணி அடித்தது தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது ஜலீலாவிடம் சொன்னேன். வகுப்பில் நடந்ததை அவளிடம் சொல்லி மாதக்கணக்காகிறது. கடைக்காரர் குலுக்கினார் என்று சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். கையில் ரொட்டியோடு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வஸீம் இருந்தா அவனும் இதையேதான் சொல்லியிருப்பான்" என்றாள்.

"அவன்தான் முதல்ல சொல்லியிருப்பான்" என்றேன்.

சொன்னதும் அழுதேன் அக்கா. தட்டின்மேல் குனிந்து, சத்தமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதேன். நிறுத்த முடியவில்லை. ஜலீலா எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். வலிக்கிறது. நிறைய வலிக்கிறது. எழுதும்போதும் வலிக்கிறது.

சாப்பாடு ஆறிப்போய்விட்டது. அவள் மறுபடி சுட வைத்தாள், இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

உன் தம்பி,
லஸ்ஸாத்